பாகனுக்குத் தெரிந்தது

தேவபிரதா பாசு நம் சிற்றிதழ் வட்டத்தில் புழங்காத பெயர். 1924இல் டாக்காவில் பிறந்தவர்; கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சி.ஆர். ராவிடம் ஆய்வு செய்தவர். 1971இல் வெளிவந்த அவரது கட்டுரையொன்றில் ஒரு சர்க்கஸ் கதை வருகிறது. கணக்கு வாத்தியார் கதைதானே என்று தள்ளிவிட வேண்டாம்.

சர்க்கஸ்காரரிடம் 50 யானைகள். கப்பலில் ஏற்ற மொத்த எடை தெரிய வேண்டும். மூன்று வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் சாம்போ என்ற யானை சராசரி எடை. பாகனும் இப்பவும் அப்படித்தான் என்கிறான். அதை மட்டும் நிறுத்து 50ஆல் பெருக்கிவிடலாம் என்கிறார் முதலாளி. புள்ளியியலாளர் பதறிப்போகிறார். குலுக்கல் இல்லாமல் நடுநிலையான மதிப்பீடு ஏது? சமரசமாக, சாம்போவுக்கு 99/100 வாய்ப்பு, மற்ற ஒவ்வொன்றுக்கும் 1/4900. சாம்போவே விழுகிறது. 50ஆல் பெருக்கலாமா? கூடாதாம். 1952இல் வந்த ஹார்விட்ஸ்-தாம்சன் சூத்திரப்படி 100/99ஆல்தான் பெருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய ஒரே யானையின் எடை! பெரிய யானை ஜம்போ விழுந்திருந்தால்? அதன் எடையை 4900ஆல் பெருக்க வேண்டும். புள்ளியியலாளருக்கு வேலை போயிற்று.

இந்தச் சூத்திரத்தில் கணக்குப் பிழை கிடையாது. திரும்பத் திரும்பக் குலுக்கினால் சராசரியில் சரியாகவே வரும். நேமன் வழிவந்தவர்களுக்கு அதுவே போதும்: முறை நீண்ட ஓட்டத்தில் எப்படி நடக்கும் என்பதே கேள்வி. கையிலிருக்கும் இந்த ஒரு யானை என்ன சொல்கிறது என்பது பாசுவின் கேள்வி. ஃபிஷர், நேமன் இருவர் சண்டையையும் அருகிலிருந்து பார்த்தவர், கடைசியில் 1763இல் அச்சேறிய தாமஸ் பேய்ஸின் பக்கம் வந்து சேர்ந்தார்: முன்னறிவை வைத்துத் தொடங்கு, சான்று வரவர அதைத் திருத்து. மாதிரிக் கணக்கெடுப்பின் கோயிலாக மகலனோபிஸ் கட்டிய நிறுவனத்துக்குள்ளிருந்தே இந்தக் குரல் வந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆனால் யாருடைய முன்னறிவு? திண்டுக்கல் வெங்காய மண்டியில் தரகர் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளுகிறார், மொத்தத்துக்கும் விலை சொல்லிவிடுகிறார். பிடியை மட்டுமா பார்க்கிறார்? எந்த ஊர், எந்த மண், கொண்டுவந்தவன் யார் வீட்டுப் பிள்ளை, எல்லாம் அதில் சேர்த்தி. பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அந்த "யார் வீட்டு" என்ற இடத்தில் சாதி நுழைவதைத் தடுக்கிற சூத்திரம் பேய்ஸிடம் இல்லை. அவர் கணக்கிலேயே ஒரு விஷயம் உண்டு: முன்நம்பிக்கை பூஜ்யமானால் எத்தனை சான்று குவிந்தாலும் பூஜ்யம்தான். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்துபோனார்கள். பணக்கார மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது சென்னை உயர்நீதிமன்றம். சாட்சிகள் வருவதற்கு முன்பே பூஜ்யம் போட்டாயிற்று.

இதற்காக நடுநிலைக்காரரிடம் திரும்பிப் போய்விடலாமா? சாம்போவுக்கு 99/100 என்று எழுதினாரே, அது எங்கிருந்து வந்தது? பாகன் சொன்னதை அவரும்தான் நம்பினார். நம்பினேன் என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை. பேய்ஸ்காரர் அதைக் கணக்கின் முதல் வரியிலேயே எழுதியாக வேண்டும். நாம் சண்டை போடத் தொடங்குவது அந்த வரியில்தான்.