டஸ்டியின் முதல் தட்டு

1964-இல் லண்டனில் வந்தது 'எ கேர்ள் கால்டு டஸ்டி'. அண்ணன் டாமுடன் 'ஸ்பிரிங்ஃபீல்ட்ஸ்' குழுவில் நாட்டுப்புறப் பாணியில் பாடிக்கொண்டிருந்த டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட், தனியாகப் பாடிய முதல் ஆல்பம். 12 பாட்டுகள். பெரும்பாலானவை அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் முன்பே பாடியவை.

நகல்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. 'மாக்கிங்பேர்ட்' பாட்டைக் கேளுங்கள். தங்கையும் அண்ணனுமாக ஐனெஸ், சார்லி ஃபாக்ஸ் பாடிய ஜோடிப் பாட்டு அது. இங்கே கேள்வியும் பதிலும் டஸ்டியின் குரலே. அண்ணனை விட்டுத் தனியே வந்தவள் இரண்டு பேருக்குமாகத் தானே பாடுகிறாள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

'யூ டோன்ட் ஓன் மீ' இன்னும் ஒரு படி மேல். லெஸ்லி கோர் பதின்வயதில் பாடியபோது அது ஒரு பெண்பிள்ளையின் வீம்பு. டஸ்டியிடம் அது யோசித்து எடுத்த முடிவு. இசைக்கோர்ப்பாளர் ஐவர் ரேமண்டின் வாத்தியக் கூட்டம் எவ்வளவு எழுந்தாலும், அந்தக் குரலின் லேசான கரகரப்பு மூழ்குவதில்லை. உச்சத்தில் கத்தமாட்டார், மூச்சுதான் சற்றுக் கனக்கும்.

அட்டைப்படமும் எனக்குப் பிடிக்கும். மேடைக் கவுன் இல்லை. சாதாரண டெனிம் சட்டை, நேரே நம்மைப் பார்க்கும் சிரிப்பு.