சொல்லும் சோறும்: புத்தளக் கரையோரத்தின் இரு பாடல் மரபுகள்

நாட்டார் பாடல்களை ஆராயப் புகுவோர் முதலில் நாடுவது அவற்றின் சொற்களையே. ஒருவர் பாட மற்றொருவர் எழுதுகிறார், எழுதியது தொகுப்பாகிறது, தொகுப்பு பாடநூலாகிறது. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த மட்டக்களப்பு, மன்னார் நாட்டுப் பாடல் தொகுதிகள், ஏட்டிலேறாத பாடல்களுக்கும் இலக்கியத் தகைமை உண்டென்பதைத் தமிழ்க் கல்வியுலகு ஏற்கத் துணைநின்றன. அப்பணியின் பெருமையை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின், சொற்களைக் காத்துவிட்டாற் பாடலைக் காத்தவராவோமா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. புத்தளக் கரையோரத்து இரு மரபுகளை அருகருகே வைத்து நோக்கின் இதற்கு விடை காணலாம்.

முதலாவது, உடப்பு மீனவரின் அம்பாப் பாடல். சிலாபத்துக்கு வடக்கேயுள்ள இத்தமிழ்க் கிராமத்தை வெளியுலகம் பெரும்பாலும் ஆடி மாதத்துத் திரௌபதையம்மன் தீமிதிப்பு விழாவாலேயே அறியும். ஆனால் அதன் அன்றாட இசை கரைவலையோடு பிறந்தது. தோணி வலையை அரைவட்டமாகக் கடலில் வளைத்து வரும். அதன் இரு கயிறுகளையும் இரு அணியினர் கரையில் நின்று இழுப்பர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் ஏற்றுப் பாடுவர். மடி கரையை அணுகுந்தோறும் இழுப்பு விரையும், பாட்டும் விரையும். அச்சில் நாம் வெறும் ஒலிக்கோவையெனத் தள்ளிவிடும் அசைகளே பல கைகளை ஒரு கையாக்குவன. பொருளற்றவை எனப்படும் அவற்றுக்குத்தான் தொழிலில் முதற்பொருள் உண்டு.

பாட்டு முடியுமிடத்திற் பங்கு தொடங்குகிறது. வலைக்காரரின் பங்கு, இழுத்தவர் பங்கு, வீட்டுக்குக் கறிக்கெனக் கொண்டுபோகும் மீன் எனப் பிடிபட்டது பிரிகிறது. சாளையோ சூடையோ நெத்தலியோ, அது அன்று அடுப்பிற் குழம்பாகிறது. சோற்றோடும் சொதியோடும் உண்ணப்படுகிறது. எஞ்சியது உப்பிட்டு உலர்ந்து கருவாடாகிறது. எனவே அம்பாப் பாடலின் கடைசி அடி கரையிலன்று, அடுக்களையிலேயே நிறைவுறுகிறது எனலாம். தொகுப்புகள் இப்பகுதியை எழுதுவதில்லை. எத்தனை பேர் இழுத்தனர், எவர்க்கு எவ்வளவு கிடைத்தது, எவர் சமைத்தனர் என்பன இலக்கியத்துக்குப் புறம்பானவை எனக் கருதப்பட்டன. விளைவாக, உழைப்பின் உறவுகளைச் சொல்லும் ஒரு கலை, கடற்காட்சியைச் சொல்லும் இனிய கவிதையாகக் குறுகிற்று.

இரண்டாவது, புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களின் மஞ்சாப் பாடல். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் ஆகிய மூவர் ஆட்சியிலும் இத்தீவுக்குக் கொணரப்பட்ட ஆபிரிக்கரின் வழியில் வந்தோர் இவர்கள். பிரித்தானியர் காலத்திற் படைவீரராகப் பணியாற்றியோர் சிலர் 19ஆம் நூற்றாண்டிற் புத்தளத்திலேயே நிலைத்தனர். இவர்களின் பாடல்கள் போர்த்துக்கேயக் கலப்புமொழியில் அமைந்தவை. இன்று வீட்டில் வழங்குவது சிங்களமே. பாடலின் சொற்களுக்கு முழுப்பொருள் சொல்ல இளந்தலைமுறையினராற் பெரும்பாலும் இயலாது. சொல்லையே உயிரெனக் கொள்ளும் நமது அளவுகோலின்படி இப்பாடல் இறந்திருக்கவேண்டும். ஆனால் அது வாழ்கிறது. மெல்லத் தொடங்கிப் படிப்படியாக விரைந்து, இருந்தோரை எழுப்பி ஆடவைக்கிறது. றபானோடு தேங்காய்ச் சிரட்டையும், போத்தலும் கரண்டியும் அதன் வாத்தியங்கள். அடுக்களைப் பொருள்களே இசைக்கருவிகளாகும்போது, பாட்டுக்கும் பந்திக்கும் இடையில் மதிலெழுப்புவது எங்ஙனம்?

கடல்கடந்து கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்கரின் சந்ததியினர் வாழும் இன்னொரு தென்கரையை ஈண்டு ஒப்புநோக்கலாம். ஐக்கிய அமெரிக்காவின் லூசியானாவிற் சோற்றோடு உண்ணும் ‘கம்போ’ என்னும் குழம்பின் பெயர், வெண்டியைக் குறிக்கும் ஆபிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. அங்குள்ள ‘சைடெக்கோ’ இசையின் பெயரோ, அவரைக்காயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபெனப் பரவலாகக் கொள்ளப்படுகிறது. அவரையிற் சேர்க்க உப்பிட்ட இறைச்சியும் இல்லாத வறுமையை அப்பெயர் நினைவூட்டுகிறது. நியூ ஓர்லியன்ஸ் நகரில் 1970இல் தொடங்கிய ஜாஸ் மரபுரிமை விழாவில் அப்பகுதி உணவும் இசைக்கு இணையாகப் போற்றப்படுகிறது. விழா வணிகமாகும் ஆபத்து அங்கும் உண்டு. எனினும், உண்டவரையும் பாடியவரையும் ஒரே மனிதராகக் காணும் பார்வை நாம் கற்கவேண்டியதே.

இங்கு ஒரு தடை எழக்கூடும். இலங்கைக் கரைகள் பலவற்றில் உழவு இயந்திரத்திற் பூட்டிய சுழலி கரைவலையை இழுக்கத் தொடங்கிற்று. அதுபற்றிய பிணக்குகளும் எழுந்தன. இயந்திரம் வந்தபின் அம்பாவுக்கு இடமேது என்பர். பாட்டைக் காப்பதற்காக மனிதர் முதுகு வளைந்தே இருக்கவேண்டுமெனக் கோர எவர்க்கும் உரிமையில்லை. அவ்வாறு கோருவது கலைப்பற்றன்று. பிறர் வியர்வையிற் கொள்ளும் இன்பமேயாகும். தொழில் மாறினால் அதன் பாடலும் மாறும், ஒழியவும் கூடும். ஆயின் ஒழிவதை எவ்வாறு பதிவு செய்கிறோம் என்பது நம் பொறுப்பு. சொல் மங்கியும் கூடியிருப்போர் உள்ளமையால் மஞ்சா நிலைக்கிறது. சொல் முழுதும் அச்சேறியும், பங்கும் பசியும் பதியாமையால் அம்பா ஏட்டில் வெறும் எழுத்தாகிறது.

ஆகவே, இனிக் களஆய்வுக்குச் செல்லும் மாணவர் பாடலடிகளை மட்டும் எழுதித் திரும்புதல் போதாது. பாடலின் வேகம் எங்கே மாறிற்று, கயிற்றின் எப்பக்கம் யார் நின்றனர், மீன் எவ்வாறு பங்கிடப்பட்டது, அன்று எவ்வீட்டில் என்ன சமைத்தனர், சமைத்த பெண்கள் அப்பாட்டைப் பற்றி என்ன கூறினர் என்பனவற்றையும் எழுதவேண்டும். தமிழ்ச் சொல் இல்லாமையாற் சிறாம்பியடியைக் கடந்து போய்விடவும் கூடாது. அக்கரையின் இசைவரலாறு அதில் வாழும் அனைவருக்கும் உரியது.