உறங்காத காவலனும் எழுப்பும் குரலும்

பக்திக் கவிதை என்றதும் நம்மில் பலர் ஒரு வாய்பாட்டுடனேயே அதனை அணுகுகின்றோம். துன்பம் வரும், இறைவனை அழைப்போம், அவன் காப்பான், கவிதை முடியும். இவ்வாய்பாட்டுக்குள் அடங்காத பக்திக் கவிதைகளும் உண்டு என்பதற்கு எபிரேய வேதத்தின் சங்கீதங்கள் நல்ல சான்று. காப்பவன், விடுவிப்பவன் என்று இறைவனை இத்தனை தடவை அழைக்கும் கவிதைத் தொகுப்புகள் மிகக் குறைவு. ஆனால் அந்த அழைப்பு எத்தகையது என்பதே என் கேள்வி.

நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அருளப்பட்ட ஸபூரும் இன்று வாசிக்கக் கிடைக்கும் 150 சங்கீதங்களும் எந்தளவுக்கு ஒன்று என்பது மார்க்க அறிஞர்களின் விவாதத்துக்குரியது. எபிரேயப் பிரதியே அவற்றுள் 73ஐ மாத்திரம்தான் தாவீதின் பெயரோடு இணைக்கிறது. நான் இங்கு அவற்றைக் கவிதைகளாகவே நோக்குகிறேன்.

18ஆம் சங்கீதத்தின் தலைப்பு, சவுல் மன்னனின் கையிலிருந்து தாவீது தப்பிய நாளைக் குறிப்பிடுகிறது. சிறு வேறுபாடுகளுடன் இதே பாடல் சாமுவேலின் இரண்டாம் நூலில் 22ஆம் அதிகாரமாகவும் வருகிறது. பாடலின் தொடக்கத்திலேயே இறைவனுக்குப் பல பெயர்கள் அடுக்கப்படுகின்றன. தமிழ் வேதாகமம் அவற்றைக் கன்மலை, கோட்டை, கேடகம் என்றெல்லாம் பெயர்க்கிறது. இலக்கிய நயம் கற்பிக்கும்போது உருவகத்தின் அழகை விளக்குமாறு மாணவரிடம் கேட்பது எங்கள் வழக்கம். இங்கே அழகுக்கு முன்னர் கேட்க வேண்டியது, இப்பொருள்கள் எங்கிருந்து வந்தன என்பதாகும். சாக்கடலின் மேற்குக் கரையில் என்கேதியின் பாறைகளிடையே, குகைகளில் தாவீது ஒளிந்திருந்ததாகச் சாமுவேலின் முதல் நூல் சொல்கிறது. துரத்தப்படுபவனுக்குப் பாறை ஓர் அலங்காரச் சொல்லன்று. முதுகைச் சாய்க்க அவனுக்கிருக்கும் ஒரே இடம். நம்பிக்கை வைத்தலைக் குறிக்கும் எபிரேயச் சொற்களில் ஒன்றான 'ஹாஸா' என்பதன் அடிப்படைப் பொருளும் ஒதுங்கிடம் தேடுதல்தான். இக்கவிதைகளில் நம்பிக்கை என்பது கருத்தாக இருப்பதற்கு முன்னரே உடலின் ஓர் அசைவாக இருக்கிறது.

அடுத்து இரு பாடல்களை அருகருகே வைத்து நோக்குவோம். 121ஆம் சங்கீதம் எட்டே வசனங்கள் கொண்டது. அதற்குள் காத்தல் என்ற பொருள் தரும் எபிரேய வேர்ச்சொல் ஆறு தடவை வருகிறது. அந்தக் காவலனுக்கு உறக்கமே இல்லை என்று அது அடித்துச் சொல்கிறது. ஆயத்துல் குர்ஸியை ஓதி வளர்ந்த நமக்கு இது பழக்கமான உறுதிமொழி. ஆனால் அதே தொகுப்பின் 44ஆம் சங்கீதம், போரில் தோற்று நிற்கும் மக்களின் குரல். தங்கள் வில்லையோ வாளையோ அவர்கள் நம்பவில்லை. இறைவனை மறக்கவும் இல்லை. ஆயினும் அழிக்கப்பட்டார்கள். ஆகவே ஏன் உறங்குகிறாய் என்று அவனிடமே கேட்கிறார்கள்.

ஒன்று உறங்காதவன் என்கிறது. மற்றது எழுந்திரு என்கிறது. தொகுத்தவர்கள் இரண்டையுமே விட்டுவைத்தார்கள். இதனை முரண்பாடு என்று ஒதுக்குவது எளிது. என் வாசிப்பில், உறங்காதவன் என்று நம்புபவனால்தான் இவ்வளவு உரிமையுடன் கூப்பிட முடியும். கேட்க யாருமில்லை என்று நினைப்பவன் கத்துவதில்லை. சங்கீதங்களை வகைப்படுத்திய ஜேர்மன் அறிஞர் ஹெர்மன் குங்கெல், நம்பிக்கைப் பாடல்கள் முறையீட்டுப் பாடல்களிலிருந்தே கிளைத்தவை என்று கருதினார். இது என் வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறது. 13ஆம் சங்கீதம் எதுவரை என்று நான்கு தடவை கேட்டுவிட்டுத்தான் பாட்டுக்கு வருகிறது. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. ஆறுதலாக ஒரு வரி கூட ஒட்டப்படவில்லை.

இந்நம்பிக்கை பிழைத்துப்போகும் இடத்தையும் எபிரேய வேதமே காட்டுகிறது. கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதா நாட்டின் மீது படையெடுத்தான். எதை நம்பி எதிர்த்து நிற்கிறீர்கள் என்று அவனது அதிகாரி ஜெருசலேமின் மதிலருகே நின்று ஏளனம் செய்ததாக அரசர்களின் இரண்டாம் நூல் கூறுகிறது. நம்பிக்கை என்ற சொல் அந்த அதிகாரியின் வாயிலேயே திரும்பத் திரும்ப வருவது கவனத்திற்குரியது. ஜெருசலேம் தப்பியது. சனகெரிப்பின் கல்வெட்டும் 46 அரண் நகர்களைப் பிடித்ததாகப் பெருமை பேசுகிறதேயன்றி ஜெருசலேமைப் பிடித்ததாகச் சொல்லவில்லை. ஆனால் லாகீஸ் நகரம் வீழ்ந்தது. அதன் மக்கள் சிறைப்பட்டுப் போகும் காட்சி செதுக்கப்பட்ட கற்பலகைகள் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளன. லாகீஸிலும் இறைவனை அழைத்தவர்கள் இருந்திருக்கத்தானே வேண்டும்?

தப்பிய நகரம் அந்தக் கேள்வியை மறந்துவிட்டது எனலாம். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர், ஆலயம் இங்கிருக்கும்வரை நமக்கு ஒன்றும் நேராது என்ற எண்ணம் ஜெருசலேம் மக்களிடம் வேரூன்றியிருந்தது. எரேமியா அந்த ஆலய வாசலிலேயே நின்று அதனைப் பொய் நம்பிக்கை என்றார். அந்நியனையும் அநாதையையும் விதவையையும் ஒடுக்கிக்கொண்டு இங்கு வந்து பாதுகாப்புத் தேடுவது எப்படி என்று கேட்டார். அதற்காக அவரைக் கொல்லத் துணிந்தார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியர் அந்நகரையும் ஆலயத்தையும் அழித்தனர்.

இறைவனிடம் ஒதுங்குவதும் இறைவன் நம் கைக்குள் இருக்கிறான் என்று எண்ணுவதும் ஒன்றல்ல. 44ஆம் சங்கீதத்தின் தோற்ற மக்கள் முதலாவதைச் செய்தார்கள். எரேமியாவின் காலத்து ஜெருசலேம் இரண்டாவதைச் செய்தது. வெளியில் பார்த்தால் இரண்டு கூட்டத்தாரும் பேசியது பாதுகாப்பு என்ற ஒரே சொல்லைத்தான்.

முனாஜாத்து மரபில் வளர்ந்த நம் கவிஞர்களுக்கு முறையிடும் குரல் புதியதன்று. ஆயினும் இன்று எழுதப்படும் பக்திக் கவிதைகள் பலவற்றில், துன்பம் நன்றாகத் தெரிவதற்கு முன்னரே ஆறுதல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. முறையீட்டுக்கு வேண்டிய வரிகளை அதற்குக் கொடுக்க வேண்டும். அந்த ஆறுதலின் பெயரால் அயலவனுக்கு என்ன செய்கிறோம் என்பதையும் கவிதை கேட்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் காவலன் என்ற சொல் எத்தனை தடவை வந்தாலும் எனக்கு அங்கே ஒதுங்க இடம் கிடைப்பதில்லை.