வாசகத்துக்கும் பந்திக்கும் நடுவே

ஏறத்தாழ கி.பி. 155-இல் ரோமாபுரியில் வாழ்ந்த இரத்தசாட்சி யுஸ்தீன், கிறிஸ்தவர்கள் ஞாயிறுதோறும் கூடி என்னதான் செய்கிறார்கள் என்று பேரரசருக்கு விளக்கம் எழுதினார். அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளும் தீர்க்கதரிசிகளின் நூல்களும் நேரம் இடம் கொடுக்கும்மட்டும் வாசிக்கப்படும். வாசிப்பு முடிந்ததும் சபைத் தலைவர் கேட்டவற்றின்படி நடக்கப் புத்தி சொல்வார். பிறகு எல்லோரும் எழுந்து ஜெபிப்பார்கள். அப்பமும் ரசமும் கொண்டுவரப்படும். பிரசங்கத்துக்கு ஆராதனையில் உள்ள இடத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிடவில்லை. முன்னால் வேதவாசிப்பு, பின்னால் ஜெபமும் பந்தியும். அன்று வாசித்த பகுதியிலிருந்து புறப்பட்டதா, சபையை ஜெபத்துக்கும் பந்திக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததா என்ற இரண்டைத்தான் நான் எந்தப் பிரசங்கத்திடமும் கேட்பேன். எந்த மேடையிலும் எந்த நாளிலும் அப்படியே பேசிவிடக்கூடிய உரை, எத்தனை அருமையானாலும், ஆராதனைக்கு விருந்தாளிதான்.

ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன், பேசுகிறவனுக்கு மூன்று கடமைகளைச் சொன்னார்: போதிப்பது, மகிழ்விப்பது, மனத்தை அசைப்பது. ரோமச் சொற்பொழிவாளர் சிசரோவிடம் கடன் வாங்கிய அளவுகோல் அது. மகிழ்விப்பதிலுள்ள ஆபத்தை அதே காலத்து யோவான் கிறிசோஸ்தோமுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அவர் பிரசங்கித்தபோது ஆலயத்துக்குள் கைதட்டினார்கள், அவர் கடிந்துகொண்டார். தமிழ்ச் சபைகளின் பிரசங்க மரபுகளைப் பார்க்கும்போது இந்த மூன்று கடமைகளும் ஆளுக்கொரு பக்கமாக இழுப்பது தெரிகிறது.

தரங்கம்பாடி இழுத்தது போதனையின் பக்கம். 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். அடுத்த ஆண்டே ஒரு சிற்றாலயம் எழும்பி, தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும் ஆராதனை நடந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்திலிருந்து வந்தவர்களுக்குக் கேட்டவன் மனந்திரும்ப வேண்டும்; அதோடு, எதை நம்புகிறான் என்று வாய்திறந்து சொல்லவும் தெரிய வேண்டும். அதனால் அங்கே பிரசங்கத்தோடு வினாவிடைப் போதனையும் கைகோத்து வந்தது. லுத்தரின் சிறிய ஞானோபதேசம் தமிழுக்கு அத்தனை சீக்கிரம் வந்ததும் இதனால்தான். 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோனும், இப்படிப் போதிக்கும் உபதேசியாராக இருந்து உயர்ந்தவர்தான். இந்த மரபில் வளர்ந்த சபையாருக்குத் தாங்கள் நம்புவதை வரிசையாகச் சொல்லத் தெரியும். குறையும் அதிலேயே இருக்கிறது: பிரசங்க பீடம் வாத்தியார் மேசையாகிவிடும்.

தஞ்சாவூர் வேறு வழி போயிற்று. 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்து, மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் சிறுவயதிலேயே படிக்கப் போன வேதநாயக சாஸ்திரியார், குறவஞ்சி, நொண்டி நாடகம், கீர்த்தனை என்று நாட்டில் புழங்கிய வடிவங்களையெல்லாம் திருமறைக்கு ஏற்றார். பெத்லகேம் குறவஞ்சி அதில் தலையாயது. அவர் வழிவந்தவர்கள் கதா காலட்சேபமாக அதைத் தொடர்ந்தார்கள். காலட்சேபம் மாலைக் கூட்டத்துக்குரியது, ஞாயிறு ஆராதனையின் பிரசங்க இடத்தை அது கேட்கவில்லை. ஆனால் அதன் வாசனை பிரசங்கத்தில் ஏறிவிட்டது. பிரசங்கத்துக்கு முன் கீர்த்தனை, நடுவில் குரல் வளமுள்ள ஐயரானால் ஒரு சரணம், முடிவில் இன்னொன்று. வீடு திரும்பும்போது பெரும்பாலோர் வாயில் இருப்பது அந்தச் சரணம்தான். பிரசங்கிகள் இதை ஒப்புக்கொள்ள விரும்புவதில்லை.

திருநெல்வேலியின் கதையை எழுதுகிறவர்கள் ரேனியஸ், சார்ஜென்ட், கால்டுவெல் என்று மிஷனரிகளின் பெரிய பெயர்களோடு நிறுத்திவிடுவார்கள். நான் உபதேசியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு சேகரத்துக்கு ஐயர் ஒருவர், சபைகளோ பல. திருவிருந்து நாளில் ஐயர் வருவார். மற்ற ஞாயிறுகளில் மணியடித்து, பாடம் வாசித்து, ஜெபம் நடத்தி, பிரசங்கமும் பண்ணுகிறவர் உபதேசியார்தான். வாரநாட்களில் பள்ளிக்கூடத்திலும் அவர்தான். சார்ஜென்ட் பாளையங்கோட்டையில் பயிற்றுவித்தது இப்படிப்பட்டவர்களைத்தான்.

உபதேசியார் பிரசங்கத்தின் இலக்கணத்தை ஒரு நீள நோட்டைப் பார்த்தாலே பிடித்துவிடலாம். மேலே ஆதார வசனத்தின் அதிகாரமும் எண்ணும். கீழே முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. மூன்றும் மோனையில் தொடங்கும்: அழைப்பு, அர்ப்பணிப்பு, அனுப்புதல். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒத்துவாக்கியங்களின் எண்கள். ஓரத்தில் உதாரணத்துக்கு ஒற்றைச் சொல்: ‘பனையேறி’, ‘கமலை’, ‘கோடை மழை’. இந்த மூன்று தலைப்பு முறையைக் கேலி செய்வது இன்று இறையியல் கல்லூரிகளில் வழக்கம். மோனைக்காக வசனத்தை வளைக்கிறார்கள் என்ற குறை நியாயமானதே. ஆனால் எழுத்தறியாத சபை ஞாயிற்றுக்கிழமை கேட்டதைப் புதன்கிழமை வரையிலும் கையில் வைத்திருக்க அந்த மோனைதான் பிடி. அதோடு, ஓரத்தில் எழுதிய உதாரணம் கேட்கிறவர்களின் அன்றாட வேலையிலிருந்து வந்தது, வேறு ஊர்ப் புத்தகத்திலிருந்து அல்ல.

யாழ்ப்பாணத்தில் நடந்தது இன்னும் சுவையானது. வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, பீற்றர் பெர்சிவலின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை மாலை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். பாட்டும் பொருள்விரிப்புமாக இருந்த புராணபடனத்துக்குப் பக்கத்தில், ஒரு பொருளை எடுத்து எல்லோருக்கும் விளங்கும் உரைநடையில் வாரந்தோறும் விளக்கும் முறை வந்தது. மிஷனுக்கு எதிராக மிஷனின் ஆயுதத்தையே எடுத்தார். தமிழ்நாட்டு அரசியல் மேடைப் பேச்சின் வேர் சீர்திருத்தச் சபைப் பிரசங்கத்தில் இருக்கிறது என்று மானிடவியலாளர் பெர்னார்ட் பேட் வாதிட்டார். அது சரியென்றால் பிரசங்கம் தமிழுக்குத் தந்த கொடை ஆலயச் சுவரைத் தாண்டியது. அதே யாழ்ப்பாண மண்ணின் டி.டி. நைல்ஸ், 1968-இல் உப்சாலாவில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தொடக்க ஆராதனையில் பிரசங்கித்தார். அங்கே பேசவேண்டியவர் மார்ட்டின் லூதர் கிங்; ஏப்ரலில் சுடப்பட்டுவிட்டார்.

கத்தோலிக்கரிடையே நிலை மாறியது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தால். அதுவரை இலத்தீன் பூசைக்கு நடுவே வரும் இடைநிறுத்தமாகவே பலரும் எண்ணியிருந்த மறையுரையை, 1963 டிசம்பரில் வெளிவந்த திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு வழிபாட்டின் ஒரு பகுதி என்றே அறிவித்தது. ஞாயிறு, கடன்திருநாள் பலிகளில் தக்க காரணமின்றி விடக்கூடாது என்றும் சொன்னது. மூன்றாண்டுச் சுழற்சியில் வாசகங்கள் வந்தன. திருத்தந்தை பிரான்சிஸ் 2024-இல் எட்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றார். தென்னிந்தியத் திருச்சபையில் ஒருவர் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்!

வாசகத்தோடு மறையுரையைக் கட்டிவைக்கும் அந்த ஒழுங்கைப் பார்த்து எனக்குப் பொறாமையுண்டு. தென்னிந்தியத் திருச்சபையாரான நம்மிடமும் அல்மனாக் என்ற சபை நாட்காட்டியில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் பாடங்கள் குறித்திருக்கின்றன. கூடவே ஒரு தலைப்பும் இருக்கிறது. பலர் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பாடங்களை விட்டுவிடுகிறார்கள். சுற்றுச்சூழல் ஞாயிறென்றால் பிளாஸ்டிக் பை பற்றிப் பத்திரிகைச் செய்தி முழுக்க வரும். அன்று வாசித்த நற்செய்தி வாசித்த இடத்திலேயே நின்றுவிடும்.

பெந்தெகொஸ்தே சபைகளின் ‘செய்தி’ அசைப்பதில் உறுதியாக நிற்கிறது. ஒரு மணி நேரம் சாதாரணம். பிரசங்கியார் வசனத்தின் முற்பாதியைச் சொல்லி நிறுத்துவார். பிற்பாதியைச் சபை உரக்க முடிக்கும். அடுத்த வசனத்தின் எண் வந்ததும் நூறு வேதாகமங்கள் புரளும் சத்தம். ஆமென், அல்லேலூயா, ஸ்தோத்திரம் என்று பதில் இல்லாவிட்டால் பேச்சு சூடேறாது. பிரசங்கத்தில் சபைக்கும் வேலை உண்டு என்பதை இவர்களைப்போல் நடத்திக்காட்டியவர்கள் இல்லை. ஆனால் சந்தர்ப்பத்திலிருந்து பிய்த்தெடுத்த வசனங்களைக் கோத்து, எல்லாவற்றையும் ஆசீர்வாத வாக்குத்தத்தமாக்கிவிடும்போது, எரேமியாவின் அழுகைக்கு அங்கே இடமிருப்பதில்லை.

இதற்கு நேர் எதிர்த்திசையில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு நின்றார். பரட்டை அண்ணன் என்றால்தான் பலருக்குத் தெரியும். நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத்தமிழிலும் வழிபாடு அமைத்து, ஒரே உலையில் பொங்கி எல்லோரும் உண்பதைத் திருவிருந்தின் பொருளாக எடுத்து வைத்தார். பந்திவரை கொண்டுபோவது என்று நான் மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஒரே ஆலயத்தில் சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்த வரலாறு நமக்கு உண்டல்லவா?

மரபுகளையெல்லாம் ஒரே இடத்தில் ஒப்பிட வேண்டுமானால் பெரிய வெள்ளிக்குப் போகலாம். நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள், ஏழு பிரசங்கிகள். ஓய்வுபெற்ற ஐயர் மூன்று தலைப்போடு வருவார். கல்லூரி ஆசிரியை கிரேக்க வேர்ச்சொல்லோடு வருவார். வாலிபர் சங்கச் செயலாளர் குரலை உயர்த்துவார். அன்று அளவுகோல்கள் தாமாகவே தெரிந்துவிடும். வசனம் மிகச் சிறியது, எல்லோருக்கும் மனப்பாடம்; பாட்டும் ஜெபமும் போக நேரம் ஆளுக்கு இருபது நிமிடம்கூட இல்லை; வெளியே தப்பிக்க வழியில்லை. முதல் வார்த்தைக்காரர் மன்னிப்பைப் பற்றி அரைமணி பேசிவிட்டால், ஆறாவதும் ஏழாவதும் சுருங்கிப்போகும். ஐந்தாவது வார்த்தை வரும்போது மணி இரண்டு. தாகத்தைப் பற்றி அந்த வெயிலில் விளக்கம் அதிகம் தேவைப்படாது. அதைப் புரிந்துகொண்டு ஏழு நிமிடத்தில் இறங்கிவிடுகிறவரைத்தான் அடுத்த ஆண்டும் சபை கேட்டு அழைக்கும்.