வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும்

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில், மாதம் ஆயிரம் ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 1.63 கோடிப் பேர். முதல் தவணையில் ஆயிரம் ரூபாய் கிடைத்தது 1.06 கோடிப் பேருக்கு. மற்றவர்களைத் தடுத்த விதிகளில் ஒன்று, அரசு ஊழியர், பொதுத்துறை நிறுவன ஊழியர், ஓய்வூதியர் குடும்பங்களுக்குத் தொகை இல்லை என்பது. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் இந்த விதி தெருவுக்கு ஓரிரு வீடுகளைத்தான் தொட்டது. நெய்வேலியிலோ அது ஊரையே கோடு கிழித்துப் பிரித்தது. பொதுத்துறைச் சுரங்க நிறுவனமான என்.எல்.சி.யின் நகரியத்தில், வட்டம் என்று அழைக்கப்படும் பகுதிகளின் குவார்ட்டர்ஸில் வாழும் நிரந்தர ஊழியர் குடும்பங்களுக்குத் தொகை கிடையாது. மந்தாரக்குப்பத்திலோ வடக்குத்திலோ வாடகைக்கு இருந்துகொண்டு அதே சுரங்கத்தில் அதே ஷிப்டில் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் மனைவிக்கு, வருமான வரம்புக்குள் இருந்தால், உண்டு.

நியாயம்தானே என்று தோன்றும். நிரந்தரச் சம்பளமும் பஞ்சப்படியும் போனஸும் வரும் வீட்டுக்கு அரசு எதற்காக ஆயிரம் ரூபாய் தர வேண்டும்? கேள்வி சரியானது. ஆனால் அதை நேர்மையாகக் கேட்டால் ஆயிரம் ரூபாயோடு நிறுத்த முடியாது. ரேஷன் அரிசி, இலவசப் பேருந்து, இலவச மின்சாரம், கடைசியில் அந்தக் குவார்ட்டர்ஸ் வரை அது போக வேண்டும். வசதியானவருக்குக் கொடுப்பது சில இடங்களில் ஏழைக்கே பாதுகாப்பு. சில இடங்களில் அது பச்சையான வீண்செலவு. இரண்டையும் ஒரே தராசில் போட்டு, 'இலவசம்' என்று ஒரே பெயர் சூட்டுவதால்தான் விவாதம் குழம்புகிறது.

எல்லோருக்கும் என்பதன் பலம்

முதலில் ரேஷன். 1997 ஜூனில் ஒன்றிய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தது. தமிழ்நாடு அதற்கு இசையவில்லை. கிராமங்களில் 75 விழுக்காடு, நகரங்களில் 50 விழுக்காடு மக்கள் வரை என்று வரையறுத்த 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 நவம்பரில் சேர்ந்தபோதும், எவரையும் விலக்காமல் கூடுதல் செலவைத் தானே ஏற்றது. இன்று மாநிலத்தில் சுமார் 2.2 கோடிக் குடும்ப அட்டைகள் இருக்கின்றன. 'பங்களாக்காரருக்கும் விலையில்லா அரிசியா' என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இதற்குப் பதிலை வடமாநிலங்களின் அனுபவம் தந்துவிட்டது. ஏழையைப் பொறுக்கி எடுக்கப் பட்டியல் போட்ட இடங்களில், 2000களின் நடுவில், ஏழைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் வறுமைக்கோட்டு அட்டையே இல்லை. பட்டியலில் பெயர் ஏற அலுவலகத்தில் ஆள் தெரிந்திருக்க வேண்டும், அப்படி ஆள் தெரிந்தவர் பெரும்பாலும் ஏழையாக இருப்பதில்லை. 2011-12 கணக்கெடுப்பை வைத்துப் பொருளியலாளர்கள் ஜான் ட்ரேஸும் ரீத்திகா கேராவும் போட்ட கணக்கில், நாடு முழுவதும் ரேஷன் தானியத்தில் சுமார் 42 விழுக்காடு வழியிலேயே கசிந்தது. தமிழ்நாட்டில் கசிந்தது 12 விழுக்காட்டின் அருகில். நிர்வாகத் திறன் ஒரு காரணம். கடை திறக்கவில்லை என்றால் தட்டிக் கேட்கத் தெரிந்தவர்களிடமும் இங்கே அட்டை இருக்கிறது என்பது இன்னொரு காரணம்.

தமிழ்நாட்டு முறையின் உண்மையான கெட்டிக்காரத்தனம் வேறோர் இடத்தில் இருக்கிறது. வேண்டாதவர் தாமாகவே ஒதுங்க அது வழி வைத்திருக்கிறது. அரிசி அட்டை வேண்டாம் என்பவர் சர்க்கரை அட்டை வாங்கலாம், எந்தப் பொருளும் வேண்டாதவருக்கும் ஓர் அட்டை உண்டு. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் இலவசப் பயணமும் இப்படித்தான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டுமே இலவசம் என்பதால், காரில் போகிறவர் அதில் ஏறப்போவதில்லை. நடத்துநர் எவரிடமும் வருமானச் சான்று கேட்பதில்லை. சித்தாள் வேலைக்குப் போகிற பெண் தன் ஏழ்மையை யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. பொருளின் தன்மையே ஆளை வடிகட்டிவிடுகிறது.

இந்த ஏற்பாட்டைக் கலைத்துப் பார்த்ததும் உண்டு. 2000களின் தொடக்கத்தில், மாத வருமானம் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பங்களின் அட்டையில் 'எச்' முத்திரை குத்தி, ரேஷன் பொருள் நிறுத்தப்பட்டது. அன்றைய ஐயாயிரம் பணக்காரனின் வருமானமல்ல, கீழ்நடுத்தரக் குடும்பத்தின் வருமானம். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி ஓரிடம்கூட வெல்லாமல் தோற்றதும், அந்த மே மாதமே முத்திரை திரும்பப் பெறப்பட்டது. இலங்கையில் கதை இன்னும் கசப்பானது. ஏறத்தாழ அனைவருக்கும் கிடைத்துவந்த அரிசிப் பங்கீடு 1970களின் இறுதியில் வருமான வரம்புக்குள் கொண்டுவரப்பட்டு, 1979இல் உணவு முத்திரையாக மாறியது. அதன்பின் விலைவாசி ஏறியது, முத்திரையின் ரூபாய் மதிப்பு ஏறவில்லை. சில ஆண்டுகளிலேயே அதன் வாங்கும் சக்தி பெரிதும் கரைந்தது. ஊர்வலம் போகவும் பத்திரிகைக்கு எழுதவும் தெரிந்த நடுத்தர வர்க்கம் திட்டத்துக்கு வெளியே போனபின், உள்ளே இருந்தவர்களுக்காகப் பேச ஆளில்லை.

பிசகும் இடங்கள்

இவ்வளவு சொன்னதால் எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று ஆகிவிடாது. கொடுக்கும் அளவே செல்வத்தோடு சேர்ந்து வளர்ந்தால், பொதுத்திட்டம் தலைகீழாகிவிடும்.

2016 மே முதல் வீட்டு மின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள வீடு 60 யூனிட் எரித்தால் அதற்குக் கிடைப்பது 60 யூனிட் சலுகை. தன் பெயரில் மூன்று வீட்டு இணைப்பு வைத்திருப்பவர் 300 யூனிட் வரை பெற முடியும். சலுகை குடும்பத்தைப் பார்க்காமல் மீட்டரைப் பார்ப்பதன் விளைவு இது.

உழவர்களுக்கான இலவச மின்சாரம் இன்னும் கூர்மையான உதாரணம். 1990 முதல் எல்லா உழவர்களுக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசம். நிலமே இல்லாத விவசாயக் கூலிக்கு இதில் எதுவும் இல்லை, பெரிய மோட்டார் வைத்திருப்பவருக்கு அதிகம். நெய்வேலியைச் சுற்றி இந்த வேறுபாடு மண்ணுக்கு அடியிலும் தெரிகிறது. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கும் நீர் மேலேறி வந்தால் சுரங்கம் மூழ்கும். அதனால் நிறுவனம் அந்த நீரை இரவுபகலாக இறைத்துக்கொண்டே இருக்கிறது. நீர்மட்டம் இறங்கிவிட்டது என்பது சுற்றுவட்டார உழவர்களின் நெடுநாள் குறை. நீர் இறங்க இறங்க, ஆழமாகப் போர் போடக் காசுள்ளவர் இலவச மின்சாரத்தில் இறைத்துக்கொள்வார். கிணறு வற்றிய சிறு உழவருக்கு மின்சாரம் இலவசமாக இருந்து என்ன பயன்?

அடுத்தது ரொக்கம். ரேஷன் அரிசியை வேண்டாம் என்பவர் உண்டு, பணத்தை வேண்டாம் என்பவர் அரிது. அதனால் ரொக்கத்தில் தானாக வடிகட்டுதல் நடக்காது. 2019 பொங்கலுக்கு அட்டைதாரர்களுக்கு ஆயிரம் ரூபாய் அறிவிக்கப்பட்டபோது, வசதியானவர்களுக்கும் ஏன் என்று கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தடுத்தது, சில நாட்களில் தளர்த்தியது. சமையல் எரிவாயு மானியத்தை விட்டுக்கொடுங்கள் என்று 2015இல் ஒன்றிய அரசு கேட்டதும், ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் விட்டுக்கொடுத்தார்கள். அது பெரிய எண்தான். ஆனாலும் ஆண்டு வருமானம் பத்து லட்சத்துக்கு மேல் உள்ளவர்களைச் விதி போட்டுத்தான் நீக்க வேண்டியிருந்தது. ஆகவே பணத்துக்கு வரம்பு தேவை.

வரம்பை எங்கே, எப்படிப் போடுவது என்பதில்தான் சிக்கல். உரிமைத் தொகைக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம், அதாவது மாதம் 20,833 ரூபாய். சுரங்கத்தில் ஒப்பந்த வேலைக்குப் போகும் கணவர் பதினைந்தாயிரமும், நகரியத்து வீடுகளில் வேலை பார்க்கும் மனைவி ஆறாயிரமும் சம்பாதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 21,000. வரம்பை 167 ரூபாய் தாண்டியதற்காக மாதம் ஆயிரம் ரூபாய் போகிறது. உண்மையைச் சொல்பவர் இழப்பார், குறைத்துச் சொல்பவர் பெறுவார். கூலி வருமானத்துக்குப் பதிவேடு இல்லாத நாட்டில் இது தவிர்க்க முடியாதது. இதோடு ஒப்பிட்டால், வருமான வரி கட்டுபவர், நான்கு சக்கர வாகனம் வைத்திருப்பவர், அரசு மற்றும் பொதுத்துறைச் சம்பளம் வாங்குபவர் என்ற விலக்குப் பட்டியல் மேலானது. எல்லாமே ஏற்கெனவே பதிவில் இருப்பவை, யாரும் யாருடைய வறுமையையும் அளக்க வேண்டியதில்லை. ஏழையைத் தேடுவதைவிட வசதியானவரை அடையாளம் காண்பது எளிது.

பிரிட்டன் அண்மையில் இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றது. முதியோருக்கான குளிர்கால எரிபொருள் உதவியை 2024 ஜூலையில் மிக வறிய முதியோருக்கு மட்டும் என்று சுருக்கியது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் உதவியை இழந்தார்கள். அடுத்த ஜூனிலேயே அரசு பின்வாங்கி, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு மேல் உள்ளவர்களிடமிருந்து மட்டும் வரி வழியாகத் திரும்பப் பெறுவது என்று மாற்றியது. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மேலே உள்ளவர்களிடம் வரியாக வாங்கிக்கொள்ளும் இந்த வழி இங்கே முழுதாகச் செல்லாது. நம் நாட்டில் வருமான வரி கட்டுபவர்கள் சிறு பகுதியினர், வசதியானவர்கள் பலர் அந்த வலைக்கு வெளியே இருக்கிறார்கள்.

பெயரிடப்படாத நலத்திட்டம்

இந்த அளவுகோலை நகரியத்தின் பக்கம் திருப்புவோம். 1956இல் நிறுவனம் தொடங்கியபோது சுரங்கத்தோடு ஒரு நகரத்தையும் திட்டமிட்டுக் கட்டினார்கள். அகலமான சாலைகள், மரங்கள், பூங்காக்கள், பள்ளிகள், பொது மருத்துவமனை, குடிநீர், மின்சாரம். இதை எவரும் இலவசம் என்று சொன்னதில்லை. ஊழியர்களின் பதிலிலும் நியாயம் இருக்கிறது. இது கூலியின் ஒரு பகுதி, உழைத்துப் பெற்றது. வெறும் காட்டில் வீடும் பள்ளியும் கட்டித் தராவிட்டால் வெளியூர்ப் பொறியாளர் எவர் வந்திருப்பார்?

இங்கே கவனிக்க வேண்டிய பலம் ஒன்று உண்டு. அதிகாரியின் தாயும் சுரங்கத் தொழிலாளியின் தாயும் ஒரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்ற ஏற்பாடு, அந்த மருத்துவமனையைக் கவனிப்பாரற்றுப் போகாமல் காக்கிறது. செல்வாக்குள்ளவர்கள் பயன்படுத்தும் பொதுச்சேவை கெட்டுப்போவது கடினம். வசதியானவர்களை அரசுப் பள்ளியிலிருந்தும் அரசு மருத்துவமனையிலிருந்தும் விலக்கச் சொல்பவர்களுக்கு நெய்வேலி ஒரு மறுப்பு.

குறையும் அங்கேயேதான். அந்த நகரமும் சுரங்கமும் அரசின் கையகப்படுத்தும் அதிகாரத்தால் எடுக்கப்பட்ட நிலத்தில் நிற்கின்றன. நிலம் கொடுத்த கிராமங்கள் வேலிக்கு வெளியே இருக்கின்றன. 2023 ஜூலையில் பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டுவதற்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியதை நாடே பார்த்தது. அதே மாத இறுதியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். நிரந்தர ஊழியர் குடும்பத்துக்கு மருத்துவம் வேலையோடு வரும் உரிமை. சுற்றியுள்ள கிராமத்துக்கு மருத்துவ முகாமோ, பள்ளிக் கட்டடமோ, குடிநீர்த் தொட்டியோ 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் சொல்லும் இரண்டு விழுக்காடு சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வருகிறது. உள்ளே உரிமை, வெளியே கொடை. வசதியானவர்கள் பொதுப்பணத்தில் சேவை பெறுவதை விட, அதைச் சுற்றி ஒரு கேட் போட்டுப் பெறுவதுதான் இங்கே குறை.

ஊழியர்களின் சலுகையைப் பிடுங்கினால் மருத்துவமனையின் தரம் போகும், கிராமத்துக்கு ஒன்றும் வந்து சேராது. கேட்டைத் திறப்பது வேறு விஷயம். நிலம் இழந்த குடும்பங்களுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அதே மருத்துவமனையில், அதே பள்ளிகளில் சம உரிமை வேண்டும். செலவு கூடும்தான். ஆனால் காலம் அதற்குச் சாதகமாக இருக்கிறது. 600 மெகாவாட் திறனுள்ள முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. பழுப்பு நிலக்கரி என்றைக்கும் இருக்கப்போவதில்லை. நிரந்தர ஊழியர் எண்ணிக்கை குறையும்போது, கட்டடங்களும் கருவிகளும் மருத்துவர் பணியிடங்களும் யாருக்கு என்ற கேள்வி எப்படியும் வரும். அப்போது தனியாருக்கு விற்பதா, ஊருக்குத் திறப்பதா என்று தடுமாறாமல் இருக்க இப்போதே முடிவெடுப்பது நல்லது.

ஆக, ஒரே விதி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சோறு, பள்ளி, மருத்துவம், பேருந்து இவற்றில் வருமானம் கேட்க வேண்டாம். மின்சாரம்போல் பயன்படுத்தப் பயன்படுத்தப் பெருகும் சலுகைகளுக்குக் குடும்ப அளவில் உச்சவரம்பு வேண்டும். ரொக்கத்துக்கு விலக்குப் பட்டியல் இருக்கட்டும், கூலிக்காரரின் வருமானத்தைத் துருவும் வரம்பு வேண்டாம். பொதுத்துறை நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குத் தரும் பள்ளியையும் மருத்துவமனையையும் பொதுச்சேவைக் கணக்கில் சேர்த்துத்தான் இனி யாருக்கு என்ன கிடைக்கிறது என்று பேச வேண்டும். நகரியத்துக் குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாயை நிறுத்தியதில் மாநில அரசுக்குக் கொஞ்சம் பணம் மிஞ்சியது, அவ்வளவுதான். வேலிக்கு வெளியே இருப்பவரின் நிலைமை மாற வேண்டுமென்றால், அது அந்த மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டுக் கவுன்ட்டரில் தொடங்க வேண்டும்.