பின்வரிசைக்காரர்கள்

1979 செப்டம்பரில், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில், சூசி அண்ட் த பான்ஷீஸ் குழுவின் கிதார்க்காரரும் டிரம்ஸ்காரரும் நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே குழுவை உதறிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தில் துணைக்குழுவாக உடன் வந்திருந்தது த க்யூர். அதன் ராபர்ட் ஸ்மித், தம் குழுவுக்கு வாசித்த கையோடு பான்ஷீஸுக்கும் கிதார் வாசித்தார். காலியான டிரம்ஸ் இருக்கைக்கு பட்ஜி வந்து சேர்ந்தார். க்யூருக்கு அப்போது டிரம்ஸ் வாசித்தவர் லால் டோல்ஹர்ஸ்ட். ஒரே மேடையில் அடுத்தடுத்து உட்கார்ந்த அந்த இருவரும் சேர்ந்து ஓர் ஆல்பம் போட 44 ஆண்டுகள் ஆயின. அயர்லாந்துத் தயாரிப்பாளர் ஜாக்நைஃப் லீயுடன் அவர்கள் உருவாக்கிய 'லாஸ் ஏஞ்சலஸ்' 2023 நவம்பரில் வெளிவந்தது.

போஸ்ட்-பங்க் மூத்தவர்கள் மறுபடி ஒன்றுகூடுவது இப்போது அன்றாடச் செய்தி. பெரும்பாலும் அது பழைய பெயரில், பழைய பாட்டுகளுக்காக, பழைய ரசிகர்கள் முன்னால் நடக்கும். புதிதாக ஏதாவது பிறக்கிற இடங்களைத் தேடிப் பார்த்தால், என் கண்ணில் படுகிறவர்கள் பெரும்பாலும் டிரம்ஸ்காரர்களும் பேஸ் கிதார்க்காரர்களும்தான். காக்க வேண்டிய குரலோ, ஒவ்வோர் ஊரிலும் பாடியே தீர வேண்டிய பாட்டோ அவர்களுக்கு இல்லை.

இந்த இசையின் பிறவிக்குணத்திலேயே அதற்கான காரணம் இருக்கிறது. பங்க் கிதாரை வேகமாக அறைந்தது. அடுத்து வந்தவர்கள் ஜமைக்காவின் டப் இசையைக் கேட்டு வளர்ந்தவர்கள். கிதாரைக் கீறலாகச் சுருக்கி, பேஸை முன்னால் கொண்டுவந்தார்கள். பப்ளிக் இமேஜ் லிமிடெட் 1979இல் மூன்று 12 அங்குல இசைத்தட்டுகளை உலோக டப்பாவில் அடைத்து வெளியிட்ட 'மெட்டல் பாக்ஸ்' அதற்கு உச்சம். ஜா வாபிளின் பேஸை அதிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது டப்பா மட்டும்தான். பாடகர் ஜான் லைடன் 2009இல் அந்தக் குழுவை மீட்டெடுத்தபோது வாபிளும் இல்லை, கிதார்க்காரர் கீத் லெவீனும் இல்லை. பெயர் லைடனிடம் இருந்தது. வெளியே நின்ற இருவரும் 2012இல் சேர்ந்து 'யின் அண்ட் யாங்' என்ற புது ஆல்பமே போட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை பவ்ஹவுஸ் குழுவுடையது. அசல் நால்வரும் கூடி 18 நாட்களில் பதிவு செய்த 'கோ அவே வைட்' 2008இல் வந்தது. வரும்போதே குழு கலைந்துவிட்டிருந்தது. அதன் பாடகர் பீட்டர் மர்ஃபி, ஜப்பான் என்ற ஆங்கிலக் குழுவின் பேஸ் கலைஞர் மிக் கார்னுடன் 1984இல் டாலிஸ் கார் என்ற பெயரில் ஓர் ஆல்பம் செய்திருந்தார். ஒலிநாடாக்களை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டே அதன் பெரும்பகுதியை முடித்தார்கள். 2010இல், கார்ன் புற்றுநோயோடு இருந்தபோது, இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். சில பாட்டுகளே தேறின. அவை வெளிவந்த 2012இல் கார்ன் உயிரோடில்லை.

'லாஸ் ஏஞ்சலஸ்' தொடங்கியபோது உடன் இருந்த மூன்றாவது டிரம்ஸ்காரர், அதே பவ்ஹவுஸின் கெவின் ஹாஸ்கின்ஸ். மூன்று டிரம்ஸ்காரர்கள் ஒரு குழு! தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு நழுவுகிறவர்களுக்கு இது கெட்ட கனவாகத் தோன்றலாம். ஆனால் டோல்ஹர்ஸ்ட் 1982க்குப் பின் க்யூரில் கீபோர்டுக்கு மாறியவர். 1989இல் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, பின்னர் வழக்குத் தொடுத்துத் தோற்றவர். 2011இல் க்யூர் தன் முதல் மூன்று ஆல்பங்களை மேடையேற்றியபோது விருந்தாளியாக வந்து வாசித்தார். பழையதைத் திரும்ப வாசிப்பது எப்படி இருக்கும் என்பதை ருசி பார்த்தவர்தான்.

'லாஸ் ஏஞ்சலஸ்' ஆல்பத்தில் குறை இருக்கிறது. ஜேம்ஸ் மர்ஃபி, பாபி கில்லெஸ்பி, ஐசக் பிராக், யூ2வின் எட்ஜ் என்று விருந்தாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சில இடங்களில் வீட்டுக்காரர்கள் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அலபாமாவைச் சேர்ந்த சிற்பியும் பாடகருமான லானி ஹோலி, ஹார்ப் கலைஞர் மேரி லாட்டிமோர் இருவரும் சேரும் 'பாடீஸ்' வேறு ரகம். அங்கே குரல் தாளத்தின்மேல் ஏறி உட்காருவதில்லை, அதற்குள்ளேயே நடமாடுகிறது. இந்த ஒரு பாட்டுக்காகவே ஆல்பத்தை வைத்துக்கொள்வேன்.

என் கணக்குக்கு அடங்காதவரும் உண்டு. வயர் குழுவின் காலின் நியூமன் பாடகர், கிதார்க்காரர். மல்கா ஸ்பீகலுடன் இமெர்ஷன் என்ற பெயரில் 'நானோக்ளஸ்டர்' வரிசையை நடத்துகிறார். தொகுதிக்குத் தொகுதி புதுப்புதுக் கூட்டாளிகள். அவரையும் சும்மா விட முடியவில்லை: ஸ்பீகல் பேஸ் கலைஞர்.

த ரெயின்கோட்ஸின் ஜினா பர்ச் 2023இல், தம் 67ஆம் வயதில், முதல் தனி ஆல்பம் வெளியிட்டார். பெயர் 'ஐ ப்ளே மை பேஸ் லவுட்'. தலைப்புப் பாட்டில் பெண் பேஸ் கலைஞர்கள் பலர் கூடி வாசிக்கிறார்கள். தயாரித்த யூத், கில்லிங் ஜோக் குழுவின் பேஸ்காரர். ரெயின்கோட்ஸின் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் பால்மாலிவ். த ஸ்லிட்ஸ் குழுவிலிருந்து விலகி அவர் அங்கே வந்தார். அவர் எழுந்துபோன இருக்கையில் உட்கார்ந்து ஸ்லிட்ஸின் 'கட்' ஆல்பத்துக்கு வாசித்த இளைஞர், சில மாதங்களில் அபர்டீனில் காலியான இன்னோர் இருக்கைக்குப் போன அதே பட்ஜி.