காணாமல் போனவர்களா, எழுதப்படாதவர்களா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒருவர் கும்பகோணம் வந்திருந்தார். கையில் ஒரு கப்பல் பட்டியலின் நகல். கொள்ளுத் தாத்தாவின் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி. ஜில்லா தஞ்சாவூர், தாலுகா கும்பகோணம். அப்புறம் எழுதியவன் காதில் விழுந்தபடிக்கு ஓர் ஊர்ப் பெயர். கடைசிக் கட்டத்தில் உடம்பிலுள்ள அடையாளம்: முதுகில் தழும்பு. 1860 முதல் 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர் அவர்.

அந்த ஊர்ப் பெயரின் ஓசைக்கு அரசலாற்றங்கரையில் மூன்று ஊர்கள் பொருந்தின. இரண்டு நாள் சேர்ந்து அலைந்தோம். ஓர் ஊரின் பெரிய தெருவில், ‘இங்கேர்ந்து அப்படி யாரும் போகலியே’ என்றார்கள். பொய்யில்லை. அவர்கள் ஊர் என்று எண்ணியவர்களில் யாரும் போகவில்லைதான். சேரியில் ஒரு பெரியவர் சொன்னார்: ‘பெனாங்குக்குப் போனாங்க, கண்டிக்குப் போனாங்க தம்பி. ராவோட ராவா போனவங்க. தெரிஞ்சா பண்ணையாரு விடுவாரா? பேரை யாரு எழுதி வச்சா?’

வந்தவருக்கு ஏமாற்றம். கொள்ளுத் தாத்தா ஆவணத்திலிருந்து காணாமல் போய்விட்டார் என்றே அவர் நினைத்தார். எனக்கு இது தலைகீழாகப் பட்டது. இந்த டெல்டாவில் நிலமுள்ளவனுக்கு மிராசுக் கணக்கு உண்டு, கோயில் கல்வெட்டு உண்டு, ராமேஸ்வரத்துப் பண்டாவின் ஏட்டிலே பாட்டன் பூட்டன் பெயர் உண்டு. அந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள் எப்போது எழுத்துக்குள் வந்தார்கள்? விற்கப்பட்டபோது, அடிமை ஓலையில். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியது. ஆள் பண்ணையாளானார்; கட்டு கடனாக நீடித்தது. அடுத்து எழுதப்பட்டது துறைமுகத்தில், ஐந்து வருட உழைப்புக்கு ஆள் பிடித்தபோது. அதிகாரத்தின் மீது மோதிய கணத்தில் மட்டுமே எளிய வாழ்க்கைகள் எழுத்தில் தென்படுகின்றன என்று ஃபூக்கோ 1977இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். நம் வட்டாரத்துக்கு இன்னும் கறாராகச் சொல்லலாம்: விலை எழுதப்படும்போதுதான் பெயரும் எழுதப்பட்டது. பெண்ணுக்கு அதுவும் வேறு கணக்கு. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று காலனிய அரசு விகிதம் வைத்திருந்தது. அந்த எண்ணிக்கை நிரம்பாமல் கப்பல் கிளம்பாது.

அயர்லாந்துக்காரர்களுக்கும் இந்தத் தேடல் உண்டு. 1922இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தது. அதற்கு முந்திய நூற்றாண்டின் முற்பாதி மக்கள்தொகைக் கணக்குகள் பெரும்பாலும் சாம்பலாயின. ஆனாலும் கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள் பல மிஞ்சின. எழுதி எரிந்ததற்குத் துக்கம் கொண்டாடலாம். எழுதவே படாததற்கு என்ன செய்வது?

நேட்டாலுக்குப் போனவர்களுக்காவது பட்டியல் இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி பின்னால் நடந்து போனவர்களுக்கு அதுவும் இல்லை. வழியில் செத்தவர்களைப் பெயர் சொல்லி எண்ணியவர் யாருமில்லை. 1901இல் தகர டிக்கெட் வந்தது. அந்த வில்லையில் தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். கங்காணியிடம் பட்ட கடனுக்கு மட்டும் கவனமாகக் காகிதம் வைத்தார்கள். அதுதான் ‘துண்டு’. அது ஒழிய 1921 ஆயிற்று.

பிறகு வந்த சுதந்திர அரசு என்ன கேட்டது? காகிதம்! 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், அப்பன் இலங்கையில் பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததைக் காட்டு என்றது. லட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இதிலும் பெயர் இல்லை, தொகைதான். அந்த மக்களில் ஒரு பகுதியினர் 1983க்குப் பின் அகதிகளாகத் தமிழகத்து முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். பாட்டன் மண்ணுக்கே திரும்பியும் அவர்கள் அந்நியர்கள். 2019இல் இந்தியா திருத்திய குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைப் பார்த்தது. இலங்கை அதன் கண்ணில் படவில்லை.

ஆகவே வேர் தேடுவதை வெறும் நெகிழ்ச்சிக் கதையாடலாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ‘பூர்வீக ஊர் கிடைத்துவிட்டது’ என்று கோயிலில் மாலை போட்டு அனுப்பும் ஊர், அந்தப் பாட்டன் எந்தத் தெருவில் இருந்தான், ஏன் ஓடினான் என்று சொல்லாது. நம் இடதுசாரி வரலாறும் பல நேரம் கூலிகளை எண்ணிக்கையாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பட்டியலையும் சேரியின் நினைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். பட்டியல் எதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

கிளம்பும்போது அந்த நகலைப் பெரியவருக்குப் படித்துக் காட்டினேன். சாதி வரைக்கும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

‘முதுகுல தழும்புன்னு எழுதியிருக்கான். யாரு அடிச்சதுன்னு எழுதலியா தம்பி?’